கருவேலங்கட்டையில் ஒரு கால்விரல்

எங்கள் வீட்டுக்கும் ஹுனேரோவின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எங்கள் ஊரில் எல்லா வீடுகளும் அப்படித்தான், மலைகளுக்கு இடையே கிடைத்த இடத்தில் நெருக்கிக் கட்டியவை. என் கணவர் உட்பட ஆண்கள் மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் மன்னருக்குக் கல்லறை குடைவார்கள். முறை முடிந்தால்தான் வீடு திரும்புவார்கள். மற்ற நாட்களில் ஊர் பெண்களுடையது. யார் வீட்டில் ரொட்டி தீய்ந்தது, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் சுவர் வழியாகவே தெரிந்துவிடும்.

ஹுனேரோ ஊரின் மருத்துவச்சி. என் வயதில் இருக்கிறவர்களில் பாதிப் பேரை அவள்தான் கையில் ஏந்தினாள். பிள்ளை பெறுகிறவள் செங்கல் அடுக்குகளின் மேல் குந்தியிருப்பாள். ஒருத்தி அவளைப் பின்னாலிருந்து தாங்கிக்கொள்வாள். ஹுனேரோ அவளுக்கு முன்னால் முன்பாதத்தை ஊன்றிக் குந்தி, கைகளை நீட்டிக் காத்திருப்பாள். காலையில் குந்தினால் உச்சி வெயில் வரைக்கும் அப்படியே இருப்பாள். திட்டுவாள், பாடுவாள், வலியில் கத்துகிறவளோடு சேர்ந்து தானும் கத்துவாள். கனத்த உடம்பு. ஆனாலும் குந்திவிட்டால் கல்லில் செதுக்கி வைத்ததுபோல அசையமாட்டாள்.

என் பெயர் தமித். எங்கள் பேச்சில் அதற்குப் பூனை என்று பொருள். ஹுனேரோ அக்கா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அடி பூனை" என்றுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

அவள் கணவன் மெசு தச்சர். கட்டில், நாற்காலி, சவப்பெட்டி எல்லாம் வீட்டிலேயே செய்வார். பிள்ளைகள் இருவரும் வடக்கே கப்பல் கட்டும் துறைக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஹுனேரோ பேசிக்கொண்டே இருப்பாள், மெசு இழைத்துக்கொண்டே இருப்பார். அவள் மூச்சு விடும் இடைவெளியில் "உம்" என்பார். இத்தனை வருடமும் அந்தச் சுவருக்குப் பின்னால் நான் கேட்ட குடும்பம் அது.

ஆற்றிலிருந்து எங்களுக்குக் கழுதைகள்மேல்தான் தண்ணீர் வரும். ஒரு நாள் ஊர் வாசலில் நாங்கள் குடங்களோடு நின்றபோது, ஈ கடித்த கழுதை ஒன்று சட்டென்று பின்வாங்கியது. அதன் குளம்பு ஹுனேரோவின் வலது கால் பெருவிரலில் இறங்கியது. அவள் போட்ட சத்தத்தில் மற்றக் கழுதைகள் மிரண்டன.

"மன்னிச்சுக்கோ அக்கா. அதுக்கும் வலிச்சிருக்கும், பாவம்," என்றான் தண்ணீர்க்காரன்.

"அதுக்கு வலிச்சா உன்கிட்ட சொல்லிக்கட்டும். பிரசவ வலின்னா மட்டும் என்னைக் கூப்பிடு!"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே, ஒரு காலை இழுத்தபடி குடத்தோடு நடந்தாள்.

அந்தப் பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரசவங்கள். தேன் தடவிய துணியைச் சுற்றிக்கொண்டு அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். நகம் விழுந்தது. புண் ஆறவில்லை. ஒரு நாள் காலையில் ரொட்டி மாவு கடன் கேட்க அவள் வீட்டுக்குள் போனேன். துணியை அவிழ்த்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் வெயிலில் சுருங்கிய பேரீச்சம்பழம் போலக் கறுத்திருந்தது. வாசனையும் அடித்தது.

"அக்கா, என்ன இது?"

"கத்தாதே. யார்கிட்டயும் சொல்லாதே. இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு."

நான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பின்கட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்த மெசுவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு மருத்துவர் நக்தியைத் தேடி ஓடினார்.

நக்தியும் எங்களவர்தான். கல்லறை வேலையில் கல் உடைப்பவர். அவருடைய அப்பா வைத்தியர். அந்தப் படிப்பு அவரிடமும் இருந்ததால், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மேஸ்திரி அவரை விட்டுவிடுவார். வந்தவர் அவசரப்படவில்லை. விரலை முகர்ந்தார். அழுத்தினார். எப்போது அடிபட்டது, எப்போது நிறம் மாறியது என்று கேட்டார். பிறகு அவளுடைய புறங்காலில் தன் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இதயம் உடம்பின் எல்லா மூலைக்கும் வந்து பேசும். மருத்துவர்கள் அதைத்தான் விரலால் கேட்பார்கள்.

"இங்க பேசுது," என்றார். கையைக் கறுத்த விரலுக்கு நகர்த்தினார். வெகுநேரம் வைத்திருந்தார். "இங்க பேசல."

பார்த்து முடித்ததும் மருத்துவர் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது நான் குணப்படுத்தும் நோய். இது நான் போராடிப் பார்க்கும் நோய். இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இந்த மூன்று சொற்களும் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மெசு சுவரில் சாய்ந்து நின்று நக்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் போராடிப் பார்க்கும் நோய்," என்றார் நக்தி.

மெசு மூச்சு விட்டார். ஹுனேரோ விடவில்லை.

"குணப்படுத்துவேன்னு சொல்லலியே, அண்ணே."

"பொய் சொன்னா உனக்கே தெரிஞ்சிடும், தாயி. விரல் செத்துப்போச்சு. அதை அப்படியே விட்டா பாதம் போகும். பாதத்தை விட்டா நீயே போயிடுவே."

மறுநாள் காலையில் அறுத்தார்கள். அல்லியும் கசகசாச் சாறும் ஊறிய பீர் கொடுத்திருந்தும் அவளுக்கு நினைவு தப்பவில்லை. மெசு காலைப் பிடித்துக்கொண்டார். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். நக்தி தெய்வத்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நெருப்பில் கத்தியைக் காய்ச்சினார்.

ஹுனேரோ என் மணிக்கட்டைப் பற்றினாள். "அடி பூனை. பொம்பளைங்க வலியில கத்தும்போது நான் என்னமோ சொல்வேனே, அதை எனக்குச் சொல்லுடி."

என் இரண்டு பிரசவங்களிலும் அவள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. இரண்டு குழந்தைகளுமே தங்கவில்லை. குரல் நினைவில் தங்கியிருந்தது. பிள்ளை பெறுகிறவளுக்குத் துணை நிற்கும் தெய்வத்தை அழைக்கும் அந்தச் சொற்களை, குனிந்து அவள் காதில் சொன்னேன். "மூச்சை அடக்காதே என் ராசாத்தி. விடு. விடு. ஹத்தோர் அம்மா வாசல்ல வந்து நிக்கிறா. உன்னை விட்டுட்டு அவ போகமாட்டா. விடு."

கத்தி இறங்கியது. அவள் மூச்சை விட்டாள்.

முதல் நாள் பச்சை இறைச்சி வைத்துக் கட்டினார் நக்தி. அதன்பின் தேனும் கொழுப்பும் பஞ்சும். தினமும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு வந்து பிரித்துப் பார்ப்பார். காய்ச்சல் வந்து போனது. கறுப்பு மேலே ஏறவில்லை. ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நக்தி சிரித்தார். மெசு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அறுத்த விரலை மெசு எறியவில்லை. பிணங்களைப் பதப்படுத்தும் உப்பில் போட்டு உலர்த்தி, துணி சுற்றி, உள்ளங்கையளவு பெட்டி செய்து அதில் வைத்தார். மறுமைக்குப் போகும்போது உடம்பு முழுசாக இருக்க வேண்டுமே. பெட்டியைப் பார்த்துவிட்டு ஹுனேரோ, "பெரியவங்க சவப்பெட்டிக்கெல்லாம் மாசக் கணக்குல இழுத்தடிப்பே. என் விரலுக்கு மட்டும் ஒரே நாள்ல செஞ்சு முடிச்சிட்டியா?" என்றாள். படுத்தபடி அவள் சொன்ன முதல் கேலி அதுதான். மெசு, "உம்" என்றார்.

புண் ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். பெருவிரல் என்னவெல்லாம் செய்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நடந்தால் வலப்பக்கம் சாய்ந்தாள். படி ஏறினால் தடுமாறினாள். இருந்தும் அடுத்த பிரசவத்துக்குக் கூப்பிட்டதும் போனாள். எப்போதும்போலக் குந்தினாள். குழந்தையின் தலை தெரிந்த நேரத்தில் முன்னால் சாய்ந்தவள், ஊன்ற விரல் இல்லாமல் பக்கவாட்டில் உருண்டு சுவரில் மோதினாள். அங்கிருந்த என் மாமியார் ஓடிப்போய்க் குழந்தையைப் பிடித்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஹுனேரோவை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதன்பின் யார் வந்து கூப்பிட்டாலும், "ஆத்தங்கரை ஊர்லேருந்து ஆளைக் கூட்டிக்கோங்க," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. மெசு இழைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "உம்" சொல்ல அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

ஒரு நாள் பிற்பகலில் சுவர் அதிர்ந்தது.

"இதை யாருக்குச் செஞ்சே?"

"உனக்குத்தான்."

"நான் செத்துட்டேனா?"

ஏதோ எறியப்பட்டு எங்கள் பக்கச் சுவரில் பட்டுத் தெறித்தது. நான் போனபோது அது தரையில் கிடந்தது. மரத்தில் செதுக்கிய ஒரு கால்விரல். நகம் தனியே தெரிந்தது. மூட்டின் சுருக்கங்கள்கூட இருந்தன. உடம்பின் நிறத்தில் சாயமும் பூசியிருந்தார். அத்தனை அழகு.

"பாருடி பூனை! பதப்படுத்துற கூடத்துல கை கால் இல்லாத பிணத்துக்கு வைப்பாங்களே, அதை எனக்குச் செஞ்சு கொண்டாந்திருக்கான். புதைக்க நாள் பாத்துட்டான்!"

மெசு அந்த விரலைப் பொறுக்கித் துடைத்தார். "செத்தவங்களுக்கு ஒரு விரல் உதவுதுன்னா, உயிரோட இருக்கிறவளுக்கு உதவாதா?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசியது அன்றுதான்.

ஹுனேரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெசு விடவில்லை. அந்த விரல் பார்க்க அழகாக இருந்தாலும் நடக்க உதவாது என்று அவருக்கே தெரிந்தது. அதற்குப்பின் அவர் ஒரு காரியம் செய்தார். தெருமுனையில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோருடைய கால்களையும் பார்க்க ஆரம்பித்தார். வேலையை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி, பெண்களின் கால்களையே.

"ஏன்டா மெசு, மூஞ்சியப் பாக்க வேண்டிய வயசுல குனிஞ்ச தலை நிமிராம இருந்தே. இப்பப் போயி காலைப் பாக்குறியா?" என்றாள் என் மாமியார்.

"கொஞ்சம் மெதுவா நடங்க, அத்தை. கடைசியில எந்த விரல் எந்திரிக்குதுன்னு பாக்கணும்."

"எந்திரிக்கிறது விரல் இல்லடா. உன்னை அடிக்க என் கைதான் எந்திரிக்குது!"

இருந்தாலும் மெதுவாகத்தான் நடந்து காட்டினாள். திரும்பி ஒரு தரம் நடந்தாள். ஊர் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பெண்கள் அவர் முன்னால் நடந்து காட்டினார்கள். மண்ணை விட்டுக் கடைசியாகக் கிளம்புவது பெருவிரல்தான், கிளம்பும்போது அது மடங்கி உந்துகிறது என்று மெசு கண்டுகொண்டார். மடங்காத கட்டை எதற்கும் உதவாது.

நக்தியிடம் போனார். இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து தோலையும் மரத்தையும் வைத்துக்கொண்டு வாதாடுவது எனக்குக் கேட்கும்.

"தழும்புத் தோல் குழந்தைத் தோல் மாதிரி. மரம் நேரா பட்டா கிழிச்சிடும். நடுவுல பஞ்சு மெத்து வேணும்."

"மெத்து வச்சா ஆடுமே."

"ஆடட்டும். கொஞ்சம் ஆடினாத்தான் உடம்பு ஏத்துக்கும். ஆடாம இறுக்கிக் கட்டினா ரத்தம் போகாது. மறுபடியும் நான் கத்தியைக் காய்ச்ச வேண்டி வரும்."

கருவேலங்கட்டையில் இரண்டு துண்டாகச் செதுக்கினார் மெசு. நடுவில் தோல் கீல் வைத்துத் தைத்தார். புறங்காலைச் சுற்றித் தோல்பட்டை, அடியில் பஞ்சு பொதிந்த துணி. இம்முறை நகம் செதுக்கவில்லை. செய்து முடித்து அவள் படுக்கைக்கு அருகில் வைத்தார். அவள் தொடவில்லை. அது அங்கேயே கிடந்து தூசி படிந்தது.

எனக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. வாற்கோதுமையையும் கோதுமையையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு என் சிறுநீரால் நனைத்துப் பார்த்தாள் மாமியார். முளைத்தால் வயிற்றில் பிள்ளை உண்டு என்று பொருள். இரண்டுமே முளைத்தன. அவள் சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன். முந்தைய இரண்டு முறையும் அப்படித்தான் முளைத்தன.

வயிறு பெரிதானபின் ஒரு நாள் ஹுனேரோவின் படுக்கையருகே போய் உட்கார்ந்தேன். அழுதேன்.

"என்னடி?"

"ஆத்தங்கரைக்காரி எனக்கு வேண்டாம்க்கா."

"அவ கெட்டிக்காரிதான்."

"இருக்கட்டும். அவ குரல் எனக்குத் தெரியாதே."

ஹுனேரோ என்னைப் பார்த்தாள். என் வயிற்றின்மேல் கை வைத்தாள். அந்தக் கை ஒவ்வொரு பக்கமாக நகர்ந்தது. வெகு நாளைக்குப்பின் அவள் முகம் வேலை செய்கிற முகமாக மாறியது. நெற்றி சுருங்கியது.

"தலை மேல இருக்கு. கால் கீழ இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யோவ்! எங்கேய்யா அந்தக் கட்டை?"

இழைக்கும் சத்தம் நின்றது. "உன் பக்கத்துலதான் இருக்கு."

"தூசியா கிடக்கு. வந்து தொடைச்சுக் குடுக்கிறதில்லையா?"

கட்டிய முதல் நாளே ரத்தம் வந்தது. மெசு ஓரத்தை இழைத்தார். மறுபடி கட்டினாள். பட்டை அறுந்தது, மாற்றினார். "கழுதை மிதிச்சதே தேவலாம்!" என்று கத்துவாள். கழற்றி எறிவாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் எடுத்துக்கொள்வாள். ரொட்டி வேகிற நேரம் மட்டும் போட்டுக்கொள் என்று நக்தி சொல்லியிருந்தார். அவள் பீர் ஊறும் நேரம்வரை போட்டுக்கொண்டு திட்டு வாங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு திரும்பிவிட்டது. எனக்கு அது போதும்போல இருந்தது.

வெயில் தாழ்ந்தபின் இருவரும் மொட்டைமாடிக்கு வருவார்கள். மெசு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். அவள் மெல்லக் குந்துவாள். எழுவாள். மறுபடி குந்துவாள். அவள் குந்தும்போது அவரும் குந்துவார், எழும்போது எழுவார். இரண்டு பேருடைய முழங்கால்களும் மளுக்கென்று சத்தம் போடும். எங்கள் மாடியில் துணி மடித்துக்கொண்டே நான் பார்ப்பேன். விழாக்களில் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களைப் பார்த்ததுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில்லை. ஒரு மாலை மெசு அவள் கைகளை விட்டுவிட்டார். அவள் குந்தியபடியே இருந்தாள். சாயவில்லை.

"விட்டுட்டியா?" என்றாள்.

"உம்."

"எப்ப?"

"முன்னாடியே."

அவள் அவர் தோளில் அடித்தாள். பிறகு அங்கேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

எனக்கு வலி வந்தது ஒரு நண்பகலில். மாடியில் கொடி படரவிட்ட பந்தலின்கீழ்ச் செங்கல் அடுக்கினார்கள். மாமியார் பின்னால் நின்று என்னைத் தாங்கிக்கொண்டாள். படியில் தோல் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஹுனேரோ ஏறி வந்தாள். என் முன்னால் குந்தினாள். கைகளை எண்ணெயில் நனைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னா மட்டும் முக்கணும். சொல்லாம முக்கினா கடிச்சிடுவேன்."

குழந்தை கால் முன்னால் வந்தது. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. நிழல் பந்தலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது. அவள் என் முன்னால் அசையாமல் இருந்தாள். ஒரு காலுக்காகக் காத்திருந்தாள், அடுத்த காலுக்காகக் காத்திருந்தாள், இடுப்பைத் துணியால் சுற்றிப் பிடித்தாள், கொஞ்சம் திருப்பினாள். அவள் முன்னால் சாய்ந்தபோதெல்லாம் கருவேலங்கட்டை மண்தரையில் அழுந்தி மடங்குவதைப் பார்த்தேன். வலியில் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

"மூச்சை அடக்காதே என் ராசாத்தி. விடு. ஹத்தோர் அம்மா வாசல்ல நிக்கிறா. விடு."

விட்டேன். தலை வந்தது.

அதன்பின் சத்தமே இல்லை. பிறந்த குழந்தையின் முதல் ஒலி 'நி' என்று இருந்தால் அது வாழும், 'எம்பி' என்று இருந்தால் தங்காது என்பார்கள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நீலம் பாரித்துக் கிடந்த குழந்தையை ஹுனேரோ கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். வாயில் விரல்விட்டுச் சளியை எடுத்தாள். தன் வாயை வைத்து ஊதினாள். மறுபடி ஊதினாள். குழந்தை இருமியது. பிறகு வீறிட்டது.

"‘நி’ன்னுதான் சொல்லிச்சு," என்றாள் மாமியார்.

"எனக்கு ‘எம்’முன்னு கேட்ட மாதிரி..." என்று யாரோ இழுத்தார்கள்.

"மூடுங்கடி வாயை! பசிக்குதுன்னு சொல்லுது. பாலைக் குடுடி பூனை."

பெண் குழந்தை. என் மார்பில் போட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தது. ஹுனேரோ எழுந்திருக்க முயன்று, கால் மரத்துப்போய் அப்படியே பின்பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். படியின் கீழே நின்றிருந்த மெசுவின் குரல் கேட்டது.

"எப்படி இருக்கு?"

"எதைய்யா கேக்குறே? பூனையையா, குட்டியையா, உன் கட்டையையா?"

மெசு ஒரு படி ஏறி நின்றார். பிறகு, "எல்லாத்தையும்," என்றார்.

இது நடந்து பல வருட வெள்ளங்கள் வந்து போய்விட்டன. என் மகள் இப்போது தண்ணீர்க்குடம் தூக்குகிறாள். ஹுனேரோ அதற்குப்பின் எத்தனையோ பிள்ளைகளை ஏந்தினாள். கட்டையின் அடி தேய்ந்துபோகும். மெசு புதிதாகச் செய்வார். கல் விழுந்து கை விரல் நசுங்கிய ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்து தனக்கும் ஒன்று கேட்டார். மெசு எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கை விரல்கள் உளியைப் பிடிக்க வேண்டும், மர விரலால் அதைச் செய்ய முடியவில்லை. அந்த மனிதர் அதை விழா நாட்களில் மட்டும் போட்டுக்கொள்கிறார்.

இரண்டு வருடமாக மெசுவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. நக்தி தேனும் மையும் குழைத்துப் போடுகிறார். "போராடிப் பார்க்கும் நோய்," என்றுதான் அவருக்கும் சொல்லியிருக்கிறார்.

நேற்று வெள்ளத்தைப் பார்க்க ஊரே ஆற்றங்கரைக்கு இறங்கியது. மலைப்பாதை சரிவானது, கற்கள் உருளும். எனக்கு முன்னால் ஹுனேரோ நடந்தாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு மெசு பின்னால் வந்தார். தண்ணீர் எங்கே வரை வந்திருக்கிறது, எந்த வயல் மூழ்கியது, யார் யார் முன்னால் போகிறார்கள், யார் புது ஆடை உடுத்தியிருக்கிறார்கள் என்று வழி முழுக்க அவருக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இங்க பெரிய கல்லு இருக்கு. காலைத் தூக்கி வை. கேக்குதா?"

"உம்," என்றார் மெசு.